வயலில் பட்ட கண்

ஸ்லிட் லேம்ப்பில் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. மரப்பு மருந்து இரண்டு சொட்டு விட்டபிறகுதான் இமை விரிந்தது. மதுரை அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் கருவிழிப் பிரிவு அது. காலை எட்டு மணிக்கெல்லாம் வெளியே பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. பாதிப்பேர் ஒரு கண்ணை முந்தானையாலோ துண்டாலோ மூடியிருந்தார்கள்.

“எப்பம்மா பட்டுச்சு?”

“எட்டு நாளாச்சு டாக்டரம்மா. கதிரடிக்கையில சுணை விழுந்துருச்சு. கசக்கிட்டேன்.”

“அப்புறம் என்ன போட்டீங்க?”

அவர் தயங்கினார். கூட வந்த மகள் சொன்னார். முதல் நாள் பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் மெடிக்கலில் போய்க் கேட்க, ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்களாம். “ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்துச்சு. செவப்பு கொறஞ்சுச்சு, வலியும் இல்ல. அப்புறம் ஒரேடியா வெள்ளையாப் போச்சு.” மருத்துவர் அந்தக் குப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஸ்டீராய்டு. சிவந்த கண்ணை வெளுக்க வைக்கும், வலியைக் குறைக்கும். ஆனால் புண்ணில் பூஞ்சை இருந்தால் அதை எதிர்க்க உடம்பிடம் இருக்கும் பலத்தையும் சேர்த்தே அடக்கிவிடும். நோயாளி குணமாகிறோம் என்று நினைத்திருக்கும் நாட்களில் பூஞ்சை ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

பயிற்சி மருத்துவர்களுக்காகப் பக்கவாட்டில் பொருத்தியிருந்த குழாய் வழியாக என்னையும் பார்க்கச் சொன்னார்கள். கருவிழியின் நடுவில் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு புண். ஓரம் தெளிவாக வெட்டிய மாதிரி இல்லை, பிசிறு பிசிறாக உள்ளே ஓடியிருந்தது. சற்றுத் தள்ளி, புண்ணோடு ஒட்டாமல், இரண்டு சிறிய வெள்ளைப் புள்ளிகள். கருவிழிக்குப் பின்னால் அடிப்பகுதியில் சீழ் தேங்கி, அதன் மேல்மட்டம் நேர்கோடாக நின்றது. ஃப்ளோரசின் சாயக் காகிதத்தைத் தொட்டு நீல ஒளியைப் பாய்ச்சியதும் புண்ணின் பரப்பு முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. மேல்தோல் போன இடமெல்லாம் அப்படித்தான் காட்டும்.

பூஞ்சைதானா என்று கேட்டேன். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் பார்த்ததை மட்டும் வைத்து மருந்து எழுதமாட்டோம் என்றார் மருத்துவர். அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது. கருவிழி நிபுணர்களிடம் புண்களின் படங்களை மட்டும் கொடுத்து, இது பாக்டீரியாவா பூஞ்சையா என்று சொல்லச் சொன்னார்கள். 2012இல் முடிவு வெளியானது. நிபுணர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறைதான் சரியாகச் சொல்லியிருந்தார்கள். பூவா தலையா போட்டாலே பாதி சரியாக வரும் என்பதை வைத்துப் பார்த்தால், அனுபவம் தந்த கூடுதல் பலன் அவ்வளவுதான்.

அதனால் சுரண்டிப் பார்க்கிறார்கள். மெல்லிய தகடு போன்ற ஸ்பாட்டுலாவின் நுனியால் புண்ணின் ஓரத்தையும் அடியையும் சுரண்டி எடுப்பதை மிக அருகில் நின்று பார்த்தேன். அந்த அம்மாவின் கைகள் மேஜை விளிம்பை இறுகப் பற்றியிருந்தன, தலை அசையவில்லை. முதல் சுரண்டல் ஒரு கண்ணாடித் தகட்டுக்கு, அடுத்தது இன்னொன்றுக்கு, பிறகு வளர்ப்பு ஊடகத் தட்டுகளில் சிறு சிறு கீற்றுகளாக. நுண்ணுயிரி வல்லுநர்கள் இந்தக் கீற்றுகளைக் கவனமாகப் பார்ப்பார்கள். கீற்றின் மேலேயே வளர்ந்தால் அது கண்ணிலிருந்து வந்தது. கீற்றுக்கு வெளியே வளர்ந்தால் காற்றில் வந்து விழுந்த தூசியாக இருக்கலாம்.

ஆய்வுக்கூடத்துக்குத் தகடு வந்து சேர்ந்ததும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டார்கள். அது கண்ணின் திசுவைக் கரைத்துவிடும், பூஞ்சையின் சுவரை அவ்வளவு எளிதில் கரைக்காது. சில நிமிடங்களில் நுண்ணோக்கியில் தெரிந்தது: மங்கிய பின்னணியில் கிளை பிரிந்து ஓடும் இழைகள், இடையிடையே குறுக்குச் சுவர்கள். எந்த இனம் என்பது தட்டில் வளர்ந்து வந்தபிறகுதான் தெரியும், அதற்குச் சில நாள் ஆகும். இது பூஞ்சை என்பதற்கு இந்தத் தகடே போதும். செலவு மிகக் குறைவு. நுண்ணோக்கியும், பார்க்கப் பழகிய ஒருவரும் இருந்தால் தாலுகா மருத்துவமனையிலும் செய்துவிடலாம். அங்கெல்லாம் இது நடப்பதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு அங்கேயே எழுந்தது, இன்னும் போகவில்லை.

அந்த அம்மாவுக்கு எழுதிய மருந்து நாட்டமைசின், ஐந்து சதவீதச் சொட்டு மருந்து. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை. அவர் எந்த ஆய்விலும் சேர்க்கப்பட்டவர் அல்ல, வழக்கமான சிகிச்சைக்கு வந்தவர். ஆனால் அவருக்கு ஏன் இந்த மருந்து, ஏன் வேறொன்று இல்லை என்பதை முடிவு செய்தவர்கள் இதே பெஞ்சுகளில் இவருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். நான் மதுரைக்குப் போனதே அதை நேரில் புரிந்துகொள்ளத்தான்.

கதை 1990களில் தொடங்குகிறது. 1993இல் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாகக் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கு லட்சத்துக்கு 11. பத்து மடங்கு வித்தியாசம். 1994இன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் மதுரை அரவிந்துக்கு இந்தப் புண்ணோடு 434 பேர் வந்தார்கள். டாக்டர் எம். சீனிவாசனும் குழுவினரும் ஒவ்வொருவரின் புண்ணையும் சுரண்டி ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்களுக்குப் புண்ணுக்கு முன்னால் கண்ணில் அடி பட்டிருந்தது. கிருமி வளர்ந்தவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை பூஞ்சை, அதிலும் முதலிடம் ஃபுசேரியம். மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சை அது. நெல் சுணை, சோளத்தட்டை, கரும்புத் தோகை, முள், மாட்டின் வால் என்று கருவிழியைக் கீறுவது எதுவானாலும் கூடவே அதையும் கொண்டுவந்து சேர்க்கும்.

பணக்கார நாடுகளில் கருவிழிப் புண் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களின் நோய், பாக்டீரியாவின் வேலை. ஃபுசேரியம் அங்கே பெரிய செய்தியானது 2006இல், ஒரு லென்ஸ் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தியவர்களிடம் கொத்தாகத் தொற்று வந்து அந்தத் திரவம் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோது. நம் வயல்களில் அது காலங்காலமாக ஒவ்வொரு அறுப்பிலும் கண்களைத் தின்றுகொண்டிருந்தது. மருந்து நிறுவனங்கள் இந்த நோய்க்கென்று புது மருந்து தேடாததற்குக் காரணம் எளிது. இதனால் பார்வை போகிறவர்களிடம் வாங்கும் சக்தி இல்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பூஞ்சைக் கருவிழி அழற்சி வருகிறது என்று 2021இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பகுதியினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறார்கள்.

நாட்டமைசின் பழைய மருந்து. 1950களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவாது. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், விட்டால் கண்ணில் படியும். 2000களில் வோரிகோனசோல் வந்தபோது பலரும் அதன் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. புதியது, தெளிந்த திரவம், கருவிழியைத் தாண்டி உள்ளே போகும். ஆய்வுக்கூடத் தட்டுகளிலும் நன்றாக வேலை செய்தது. விலை மட்டும் அதிகம்.

எது நல்லது என்பதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனை 2010இல் தொடங்கியது. அரவிந்த் மருத்துவமனைகளும் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனமும் சேர்ந்து நடத்தின. டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னா, சீனிவாசன், அமெரிக்கப் பக்கத்தில் டாக்டர் தாமஸ் லீட்மேன், டாக்டர் நிஷா ஆச்சார்யா ஆகியோர் அதன் முன்னணியில் இருந்தவர்கள். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். மூன்று மாதம் கழித்து, கண்ணாடி போட்டு அதிகபட்சம் எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதுதான் கேள்வி. புண் ஆறியதா என்பதைவிட இது கடினமான அளவுகோல். ஆறிய புண்ணும் தழும்பை விட்டுப் போகும். அந்தத் தழும்பைத்தான் ஊரில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்கிறோம். ஆகவே பார்வையை அளந்தார்கள். எழுத்துப் படிக்காதவர்களுக்காக நான்கு திசையும் திரும்பிய ‘ஈ’ வடிவ அட்டை. அது எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டினால் போதும்.

323 பேர் சேர்ந்திருந்த கட்டத்தில் புதிதாக ஆள் சேர்ப்பது நின்றது. பாதுகாப்பைக் கண்காணிக்கும் தனிக்குழு, வோரிகோனசோல் பிரிவில் கருவிழி துளைந்துபோவது கூடுதலாக இருப்பதைக் கண்டு நிறுத்தச் சொன்னது. 2013இல் முடிவுகள் வெளிவந்தன. நாட்டமைசின் போட்டவர்கள் பார்வை அட்டையில் சராசரியாக இரண்டு வரிக்கு நெருக்கமாகக் கூடுதலாகப் பார்த்தார்கள். ஃபுசேரியம் தொற்று இருந்தவர்களில் வித்தியாசம் நான்கு வரி. கருவிழி துளைந்தவர்களும், அவசரமாக மாற்றுக் கருவிழி பொருத்த வேண்டியிருந்தவர்களும் வோரிகோனசோல் பக்கம் ஏறத்தாழ இரு மடங்கு.

நான்கு வரி என்றால் என்ன என்பதை அந்த அட்டைக்கு முன்னால் நின்று பார்த்தேன். பஸ்ஸின் பெயர்ப்பலகையை ஏறுவதற்கு முன்பே படிப்பதா, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதா என்ற அளவுக்கான வித்தியாசம். பழைய, மலிவான மருந்து ஜெயித்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டமைசினை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த சான்றுகளில் கனமானது தென்னிந்தியாவின் கூலி வேலைக்காரர்களின் கண்களிலிருந்து வந்தது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமை அந்த மருத்துவர்களைச் சேரும் அளவுக்கு, ஒப்புதல் தாளில் விரல் ரேகை வைத்தவர்களையும் சேர வேண்டும்.

ஒப்புதல் வாங்கும் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று வேறொரு ஆய்வுக்காக ஒரு பெரியவரிடம் ஒருங்கிணைப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். தமிழில் அச்சிட்ட பல பக்கத் தாள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக உடன் இருக்க வேண்டும் என்பது விதி. “தாத்தா, இதுல சேரலைன்னாலும் உங்களுக்கு வைத்தியம் உண்டு. நடுவுல வேண்டாம்னு தோணினாலும் போயிடலாம்.” பெரியவர் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல. “எத்தன தடவ வரணும்? ஆடு கெடக்குல்ல வீட்ல.” ஒருங்கிணைப்பாளர் தேதிகளைக் காலண்டரில் சுழித்துக் காட்டினார், பஸ் செலவு தருவதாகச் சொன்னார். பெரியவர் மகனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. மூன்று மாதம் ஒருவரைத் திரும்பத் திரும்ப வரவழைப்பதில்தான் இந்த ஆய்வுகளின் உயிர் இருக்கிறது. வராதவரின் கண் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் புள்ளிவிவரமும் நிற்காது.

எல்லாச் சோதனையும் இப்படித் தெளிவான விடை தருவதில்லை. பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் சேர்க்கலாமா என்று பல பத்தாண்டுகளாக மருத்துவர்கள் வாதாடியிருக்கிறார்கள். 500 பேரிடம் சோதித்தார்கள், அவர்களில் 485 பேர் அரவிந்த் மருத்துவமனைகளில். 2012இல் வந்த பதில்: மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. மிக மோசமான பார்வையோடு வந்தவர்களுக்கு ஓரளவு பலன் இருப்பதாகத் தெரிந்தது, நோக்கார்டியா என்ற கிருமி இருந்தவர்களுக்குக் கெடுதல். கடுமையான பூஞ்சைப் புண்ணுக்கு வோரிகோனசோலை மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்த 240 பேர் ஆய்விலும், 2016இல், மொத்தத்தில் பலன் காணவில்லை. புற ஊதாக் கதிரால் கருவிழியை இறுக்கும் கிராஸ் லிங்கிங் முறையும் பூஞ்சைப் புண்ணில் கைகொடுக்கவில்லை. பலன் இல்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு லாபம்தான். வாங்க வேண்டாத மாத்திரை, கல்லீரலைப் பரிசோதிக்க வேண்டாத ரத்தச் சோதனை.

அதே மருத்துவமனையின் கண்புரை ஆபரேஷன் தளத்துக்குப் போனால் வேகம் வேறு. ஒரு அறுவை மருத்துவருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் முடிந்ததும் நுண்ணோக்கியைத் திருப்பி அடுத்ததற்குப் போகிறார். இதற்குள் சிஸ்டர்கள் முதல் மேஜையைத் தயார் செய்துவிடுகிறார்கள். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை இது. புரை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலம் ஒன்று உண்டு. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைப்பது ஏழைகளுக்கு, இவ்வளவு பெரிய எண்ணிக்கையில், ஒத்துவருமா என்ற சந்தேகம் அன்று இருந்தது. மதுரையில் 3,400 பேரை வைத்து நடந்த சோதனை அதைத் தீர்த்தது, முடிவுகள் 1998இல் வந்தன. லென்ஸ் வைத்தவர்களே அன்றாட வேலைகளில் நன்றாக இருந்தார்கள். அதற்குள் 1992இல் தொடங்கிய ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்து விலையைப் பல மடங்கு குறைத்திருந்தது.

ஆபரேஷனின் கடைசி நிமிடத்தில் நடப்பதைத்தான் நான் குறிப்பாகப் பார்க்க விரும்பினேன். லென்ஸ் உட்கார்ந்ததும் மருத்துவர் மெல்லிய ஊசிக்குழாயால் மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தில் கொஞ்சம் கண்ணுக்குள்ளேயே விட்டார். இரண்டு நொடி வேலை. ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது அரிது, வந்தால் பார்வையே போய்விடும். இவ்வளவு அரிதான ஒன்று குறைகிறதா என்று காண ஏராளமான கண்கள் வேண்டும். ஐரோப்பாவில் 16,000க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, செஃபுராக்சிம் என்ற வேறொரு மருந்தைச் சோதித்து, 2007இல் பலன் உண்டு என்றார்கள். அரவிந்த் தன் மருத்துவமனைகளின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. மாக்ஸிஃப்ளாக்சசின் போடாத கண்களில் 10,000க்கு 7, போட்டவற்றில் 2. டாக்டர் ஹரிப்ரியா அரவிந்தும் குழுவினரும் 2017இல் வெளியிட்டார்கள். இது குலுக்கல் முறைச் சோதனை அல்ல, பதிவேட்டு ஆய்வு. ஒப்பீட்டில் அந்தக் குறை உண்டு. ஆனாலும் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே மாதிரி பதிவு எழுதும் பழக்கம் இல்லாதிருந்தால் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

புரைக்கும் கருவிழிக்கும் இருக்கும் உறவையும் அங்கே ஒரு திரையில் காட்டினார்கள். கருவிழியின் உட்புறத்தில் ஒரே அடுக்காக அறுகோணச் செல்கள். உள்ளிருந்து கசியும் நீரை வெளியேற்றிக் கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பவை இவைதான். செத்தால் மறுபடி முளைக்காது. முற்றிக் கடினமான புரையை உடைத்து எடுக்கும்போது இவற்றில் ஒரு பகுதி போய்விடும், அதிகம் போனால் கருவிழி நீர் கோத்து வெளுத்துவிடும். புரை முற்றட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் திரையை ஒருமுறை காட்டினால் போதும் என்று தோன்றியது.

கண் வங்கியை விரைவாகத்தான் கடந்தேன். தானமாக வரும் கருவிழிகளில் ஒரு பங்கு பூஞ்சைப் புண்ணால் துளைந்த கண்களை அவசரமாக அடைக்கப் போகிறது. அப்படிப் பொருத்தியவை கண்ணைக் காப்பாற்றும், பார்வையைத் திருப்பித் தருவது குறைவு.

அப்படியானால் புண்ணே வராமல் தடுக்க முடியாதா? நேபாளத்தின் பக்தபூரில் 1990களின் பிற்பகுதியில் முயன்றார்கள். கிராம சுகாதாரப் பணியாளர்கள், கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு இரண்டு நாளுக்குள் குளோரம்ஃபெனிக்கால் களிம்பு போட்டார்கள். 96 சதவீதத்தினருக்குப் புண் இல்லாமல் ஆறியது, 18 மணி நேரத்துக்குள் வந்த யாருக்கும் புண் வரவில்லை. மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் பூஞ்சை மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள், 2006இல் நல்ல முடிவுகள் வந்தன. பிறகு நேபாளத்தில் ஊர் ஊராகக் குலுக்கிப் பிரித்து நடத்திய பெரிய சோதனை 2022இல் வெளியானபோது, பணியாளர் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் புண் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஏமாற்றம்தான். களிம்பு வேலை செய்யாததால் அல்ல, கீறல் பட்டவர் பணியாளரிடம் வந்து சேராததால் இருக்கலாம் என்பது என் ஊகம். மருந்துக் கேள்விக்குச் செலவிட்ட பணத்திலும் பொறுமையிலும் பாதியையாவது கீறல் பட்டவரைப் பணியாளரிடம் வரவைப்பது எப்படி என்ற கேள்விக்குச் செலவிட வேண்டும்.

மறுநாள் மதுரைக்கு வெளியே ஒரு பார்வை மையத்துக்குப் போனேன். கடைத்தெருவில் இரண்டு அறை, ஒரு ஸ்லிட் லேம்ப், ஒரு கணினி. உள்ளூர்ப் பெண்ணான டெக்னீஷியன், நோயாளியைச் சோதித்து, மதுரையில் இருக்கும் மருத்துவரிடம் வீடியோவில் காட்டுவார். நான் இருந்தபோது பள்ளிச் சீருடையில் ஒரு பையனை அவன் அப்பா கூட்டி வந்தார். முந்தின நாள் சாயங்காலம் மாடு வாலைச் சுழற்றியதில் கண்ணில் பட்டிருக்கிறது. சாயம் போட்டு நீல ஒளியில் பார்த்தார். மெல்லிய பச்சைக் கோடு ஒன்று, வெள்ளை எதுவும் இல்லை. மேல்தோல் மட்டும் கீறியிருக்கிறது. மதுரை மருத்துவர் திரையில் படத்தைப் பார்த்து மருந்து சொன்னார்.

“அண்ணே, மெடிக்கல்ல போயி வேற எதுவும் வாங்கிப் போட்டுறாதீக. நாளைக்குக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க,” என்றார் டெக்னீஷியன்.

“நாளைக்கு நடவு இருக்கேம்மா.”

“நடவுக்குப் போறதுக்கு முன்னாடி வாங்க. ஏழரைக்கே வந்து தொறந்து வெக்கிறேன்.”

அப்பா சரி என்றார். வராவிட்டால் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அவருடைய செல்போன் எண்ணையும், பக்கத்து வீட்டு எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொண்டார் டெக்னீஷியன்.